பையனுக்குப் பழைய கார் வாங்கிக் கொடுக்கலாமா?

பையனுக்கு இருபது வயது. பாலிடெக்னிக் படிப்பு முடிந்துவிட்டது. ஒரு நாள் ராத்திரி சாப்பிடும்போது மெல்லப் பேச்சை எடுக்கிறான்.

"அப்பா, ஒரு பழைய கார் விலைக்கு வருது. பார்க்கப் பந்தயக் கார் மாதிரியே இருக்கு. வாங்கி நானே சரி பண்ணிடுவேன்."

"ஓடுமாலே?" என்கிறார் அப்பா.

"இப்போ ஓடாது. ஓட வைக்கணும்."

அப்பா கையில் எடுத்த கவளத்தை இலையிலேயே போட்டுவிடுகிறார். "அக்கா கல்யாணம் முடியட்டும்யா" என்கிறாள் அம்மா. அத்துடன் பேச்சு நின்றுவிடுகிறது. பையன் மூன்று நாட்களுக்கு யாருடனும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இந்தப் பேச்சு சென்னையில் நடக்கிறது. கோவையில் நடக்கிறது. சங்கரன்கோவிலில் மட்டும் நடக்காதா, என்ன? செல்போனைத் திறந்தால், எங்கோ ஒரு வெள்ளைக்காரன் துருப்பிடித்த காரை எடுத்து, பத்தே நிமிடப் படத்தில் பளபளப்பாக்கிக் காட்டுகிறான். அதைப் பார்க்கிற பையனின் கை சும்மா இருக்குமா?

வாங்கிக் கொடுக்கலாமா, கூடாதா?

வாங்கிக் கொடுக்கலாம். ஆனால் பையன் காட்டுகிற காரை அல்ல!

தறி ஊர்ப் பிள்ளைகள்

சங்கரன்கோவில் கோமதி அம்மன் ஊர். ஆடித் தபசு ஊர். அதோடு விசைத்தறி ஊர். தறிச் சத்தத்திலேயே பிறந்து வளர்கிற பிள்ளைகளுக்கு இரும்பு புதிது அல்ல. பட்டை அறுந்தால் மாட்டுவார்கள். பல் சக்கரம் தேய்ந்தால் கழற்றுவார்கள். மிஸ்திரி வரட்டும் என்று எல்லோரும் காத்திருப்பதில்லை.

இப்படிப்பட்ட பையனுக்கு ஒரு பழைய கார் கிடைத்தால் அது வீண் வேலை அல்ல. புதுக் காரின் மூடியைத் திறந்தால் பிளாஸ்டிக் மூடிதான் தெரிகிறது. கம்ப்யூட்டர் வைத்துப் பார்த்தால்தான் கோளாறு தெரியும். பழைய காரில் அப்படி இல்லை. பெட்ரோல் எந்த வழியாகப் போகிறது, பொறி எங்கே பறக்கிறது, சக்கரம் எப்படிச் சுற்றுகிறது என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கையால் தொட்டுத் தெரிந்துகொள்ளலாம். பள்ளிக்கூடத்தில் படம் போட்டுச் சொன்னது கைக்கு வந்துவிடும்.

கோவையில் ஜி.டி. நாயுடு என்று ஒரு மேதை இருந்தார். 1893-ல் பிறந்தவர். பள்ளிப் படிப்பு அதிகம் கிடையாது. வாலிப வயதில், வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வருவதைப் பார்த்தார். பார்த்ததும் ஆசை பிடித்துக்கொண்டது. கோவைக்குப் போய் ஓட்டலில் வேலை பார்த்தார். காசு சேர்த்தார். அந்த அதிகாரியிடமே 300 ரூபாய் கொடுத்து வண்டியை வாங்கினார்.

வாங்கியதும் ஏறி உட்கார்ந்து ஊரைச் சுற்றினாரா? அதுதான் இல்லை. வண்டியைப் பாகம் பாகமாகக் கழற்றினார். திரும்பப் பூட்டினார். அப்படித்தான் அவருக்கு எந்திரம் பிடிபட்டது. 1920-ல் ஒரு பஸ்ஸை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டினார். அது பிறகு பெரிய பஸ் கம்பெனியாக வளர்ந்தது.

பையன்கள் இந்தக் கதையைச் சொல்லிக் காட்டி அப்பாவை மடக்கப் பார்ப்பார்கள். சொல்லட்டும். ஆனால் கதையில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். நாயுடு வாங்கியது ஓடிக்கொண்டிருந்த வண்டி!

ஓடுகிற வண்டியைக் கழற்றுகிறவனுக்கு, சரியாக இருந்தால் எப்படி இருக்கும் என்பது தெரியும். பூட்டிய பிறகு ஓடவில்லை என்றால், தப்பு தன் கையில்தான் இருக்கிறது. தேடினால் அகப்படும். வேறு எவனோ பத்து வருஷத்துக்கு முன் கழற்றி, திருகாணிகளைச் சாக்கில் போட்டு வைத்த வண்டி அப்படியா? எது இருக்கிறது, எது இல்லை என்று தேர்ந்த மெக்கானிக்கே சொல்ல முடியாது. கற்றுக்கொள்ள வந்த பையன் என்ன செய்வான்?

இப்படி வாங்கிய கார்கள் எத்தனையோ புளிய மரத்தடியில் கிடக்கின்றன. கோழிகள் அதில் முட்டையிடுகின்றன.

முகத்தைப் பார்த்து மயங்காதே!

பையன்கள் காரின் முகத்தைப் பார்க்கிறார்கள். தாழ்வாக இருக்க வேண்டும். நீளமாக இருக்க வேண்டும். இரண்டு பேர் மட்டும் உட்கார வேண்டும். கூரை திறந்திருந்தால் இன்னும் நல்லது.

நம் நாட்டில் அப்படி ஒரு கார் செய்ததும் உண்டு. சான் ஸ்டார்ம் என்று பெயர். 1990-களின் கடைசியில் வந்தது. இரண்டு பேர் உட்காரும் வண்டி. கண்ணாடி நார் உடம்பு. ரெனால்டு எஞ்சின். பார்க்க அழகுதான். ஆனால் விற்றது கொஞ்சமே. ஒரு விளக்கு உடைந்தால், ஒரு கதவுக் கைப்பிடி முறிந்தால், அதற்கு மாற்று எந்தக் கடையில் இருக்கும்?

கான்டெஸா மீதும் பலருக்குக் கண். இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984 முதல் 2002 வரை செய்த கார். எஞ்சின் பிரச்சினை இல்லை. ஆனால் அதன் உடம்பும் அடிச்சட்டமும் ஒன்றாகச் சேர்ந்தவை. அடியில் துரு ஏறிவிட்டால், வெட்டி ஒட்டுவது புதுப் பையனின் வேலை அல்ல. மேலும் அது பெரிய கார். சங்கரன்கோவில் சந்துக்குள் அதை எங்கே நிறுத்துவது?

சீமைப் பந்தயக் கார்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இறக்குமதி செய்தால் சுங்க வரியே வீட்டை விழுங்கிவிடும்.

மேல் நாட்டில் புதிதாகக் கற்றுக்கொள்கிற பையன்கள் என்ன செய்கிறார்கள்? அங்கேயும் விவரம் தெரிந்தவர்கள் அபூர்வமான காரைத் தேடுவதில்லை. எம்.ஜி.பி. என்ற காரை வாங்குகிறார்கள். அது 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. அல்லது 1989-ல் வந்த மஸ்டா மியாட்டா என்ற ஜப்பான் காரை வாங்குகிறார்கள். அது 10 லட்சத்தைத் தாண்டிவிட்டது. பல பேர் வாங்கிய காருக்குத்தான் சாமான் கிடைக்கும். பல பேர் பழுது பார்த்த காருக்குத்தான் வழி சொல்ல ஆள் கிடைக்கும்.

வண்டலூரில் பிறந்த கார்

அப்படியானால் தமிழ்நாட்டுப் பையனுக்கு எந்தக் கார்?

பிரிமியர் பத்மினி என்ற பழைய ஃபியட்டைச் சொல்லலாம். தெருவுக்கு ஒரு மெக்கானிக் அதை அறிவார். முதல் காராக அதை வாங்கினால் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் பந்தயக் கார் ஆசை பிடித்த பையனிடம் ஃபியட் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அவனுக்கு ஏற்ற கார் ஒன்று சென்னைக்குப் பக்கத்திலேயே பிறந்தது. அதுதான் ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

வயதானவர்களுக்கு இந்தப் பெயர் ஞாபகம் இருக்கும். வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி இருந்தது. அங்கே 1961-ல் ஹெரால்டு செய்யத் தொடங்கினார்கள். இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு என்று 1959-ல் வந்த கார் அது. மிச்செலாட்டி என்ற இத்தாலியக் கலைஞர் அதற்கு வடிவம் கொடுத்தார். இங்கிலாந்தில் அதற்கு இரண்டு கதவுதான். நம் குடும்பங்களுக்கு அது போதுமா? தாத்தா பாட்டி எப்படி ஏறுவார்கள்? 1960-களின் கடைசியில் நான்கு கதவு வைத்து இங்கே செய்தார்கள். அப்படி ஒரு ஹெரால்டு இங்கிலாந்திலேயே கிடையாது!

இதற்கும் பந்தயக் காருக்கும் என்ன சம்பந்தம்?

இருக்கிறது. 1962-ல் இதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, இதே கலைஞரை வைத்து, ஸ்பிட்பயர் என்ற இரண்டு பேர் பந்தயக் காரைச் செய்தார்கள். 1980 வரை 3 லட்சத்துக்கு மேல் செய்தார்கள். ஆகவே ஹெரால்டு, ஸ்பிட்பயருக்கு அக்காள் முறை. எஞ்சின் ஒரே வம்சம். முன் சக்கர அமைப்பு ஒரே வம்சம். ஸ்பிட்பயருக்காக இங்கிலாந்தில் இன்றைக்கும் சாமான் செய்து விற்கிறார்கள். அவற்றில் பல ஹெரால்டுக்கும் பொருந்தும். தபால் செலவும் வரியும் சேரும் என்பது உண்மை. ஆனால் கிடைக்கும்!

கற்றுக்கொள்ளும் பையனுக்கு ஹெரால்டைப் போல வசதியான கார் குறைவு. முன் மூடியைத் திறந்தால், மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து மொத்த முகமுமே முன்னால் சாய்ந்துவிடும். எஞ்சின் வெட்டவெளியில் நிற்கும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம்.

உடம்பும் தனி, அடிச்சட்டமும் தனி. உடம்பைத் துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டு முடுக்கியிருக்கிறார்கள். இது ஏதோ யோசித்துச் செய்த புதுமை அல்ல. கம்பெனிக்கு உடம்பு செய்து கொடுத்த தொழிற்சாலையை 1953-ல் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. முழு உடம்பையும் ஒரே இடத்தில் செய்ய வழி இல்லை. அங்கங்கே துண்டுகளாகச் செய்து சேர்த்தார்கள். அவர்கள் பட்ட கஷ்டம் இன்றைய பையனுக்கு லாபம். ஸ்பானரும் ஜாக்கியும் இருந்தால் வீட்டு முற்றத்திலேயே பெரும்பாலான வேலையைச் செய்யலாம்.

பெற்றோருக்கும் ஒரு நல்ல செய்தி உண்டு. வம்சம்தான் பந்தய வம்சம். வேகம் பந்தய வேகம் அல்ல. 948 சி.சி. எஞ்சின். சுமார் 35 குதிரை சக்தி. இன்றைய சின்னக் கார்கூட அதை முந்திவிடும். இருபது வயதுப் பையனுக்கு அதுவே நல்லது.

ஆனாலும் வளைவில் வேகம் கூடாது. ஹெரால்டின் பின் சக்கரங்கள் தனித்தனியாக ஆடும். வேகமாக வளைந்து, திடீரென்று காலை எடுத்தால், சக்கரம் உள்பக்கம் மடங்கும். வண்டி சுழன்றுவிடும். குற்றாலத்துக்குப் போகிற பையன் இதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

வில்லங்கம் பார்க்காமல் நிலம் வாங்குவார்களா?

கார் வாங்கப் போகும்போது பையன் முதலில் எஞ்சினைப் பார்ப்பான். அப்பா கூடப் போக வேண்டும். அவர் முதலில் காகிதத்தைப் பார்க்க வேண்டும்.

எஞ்சின் கெட்டால் செய்துகொள்ளலாம். பிஸ்டன் மாற்றலாம், வால்வு தேய்க்கலாம், கோவில்பட்டியிலோ ராஜபாளையத்திலோ லேத்தில் கொடுத்து வாங்கலாம். ஆர்.சி. புத்தகம் இல்லாத காரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"புக் தொலைஞ்சு போச்சு தம்பி. டூப்ளிகேட் எடுத்துக்கலாம்" என்பார் விற்கிறவர். எடுப்பது சுலபமாக இருந்தால் அவரே எடுத்திருப்பாரே! அரை நூற்றாண்டுக்கு முந்தைய வண்டி. நான்கு கை மாறியிருக்கும். புத்தகத்தில் இருக்கிற பெயர்க்காரர் காலமாகி இருப்பார். வாரிசுகள் எங்கேயோ இருப்பார்கள். அவர்கள் கையெழுத்து இல்லாமல் பெயர் மாறாது.

நிலம் வாங்குகிறவர் வில்லங்கம் பார்க்கிறார். மூலப் பத்திரம் கேட்கிறார். அதே கண்ணோடு இதையும் பார்க்க வேண்டும். புத்தகத்தில் உள்ள சேஸிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் வண்டியில் உள்ளவையும் ஒன்றா என்று, அழுக்கைத் துடைத்துவிட்டு, எழுத்து எழுத்தாகப் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால், பணம் கொடுப்பதற்கு முன்பே சங்கரன்கோவில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடலாம். கொடுத்த பிறகு கேட்டுப் பயன் இல்லை.

சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். சொந்தக் காருக்கு 15 ஆண்டு ஆனதும் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பிறகு 5 ஆண்டுக்கு ஒரு முறை. 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய் ஆனது. அதன் பிறகும் ஏறியிருக்கிறது.

50 ஆண்டு தாண்டிய கார்களுக்கு 2021-ல் தனி விதி வந்தது. பழம்பெரும் வாகனம் என்று பதிவு செய்துகொள்ளலாம். அந்தப் பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம். ஆனால் அப்படிப் பதிந்த காரைத் தினமும் ஓட்டக் கூடாது. கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்குத்தான் எடுக்கலாம். அம்மாவை ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போக நினைக்கிற பையனுக்கு இது உதவாது. அவன் சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொள்வது மேல்.

கம்பெனி செய்த அமைப்பை இஷ்டப்படி மாற்றுவதும் கூடாது. 2019-ல் சுப்ரீம் கோர்ட்டு இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. கூரையை வெட்டித் திறந்த காராக்குவது, பெரிய எஞ்சின் வைப்பது என்ற யோசனைகளைப் பையன் அன்றே மறந்துவிட வேண்டும்.

காந்தமும் டார்ச் லைட்டும்

காகிதம் சரி. அடுத்தது துரு.

ஊருக்கு ஊர் துரு வேறுபடும். சென்னையிலும் தூத்துக்குடியிலும் கடல் காற்று இரும்பைத் தின்கிறது. சங்கரன்கோவில், கோவில்பட்டிப் பக்கம் வறண்ட கரிசல் பூமி. விவசாயி அழுகிற அந்த வறட்சிதான் பழைய காரைக் காப்பாற்றி வைக்கிறது. உள்நாட்டு ஊரில் கூரைக்கு அடியில் கிடந்த கார் கிடைத்தால், கொஞ்சம் விலை கூடினாலும் அதையே வாங்கலாம்.

பளபளவென்று புதுப் பெயின்ட் அடித்த காரைக் கண்டால்தான் அதிகம் பயப்பட வேண்டும். அடியில் துருவை மறைத்துப் பட்டி பூசியிருப்பார்கள். சட்டைப் பையில் ஒரு சின்னக் காந்தம் கொண்டு போனால் போதும். தகடு இருக்கிற இடத்தில் ஒட்டும். பட்டி தடிமனாக இருக்கிற இடத்தில் ஒட்டாது. குட்டு வெளிப்பட்டுவிடும்!

பிறகு கால் விரிப்பைத் தூக்கிப் பார்க்க வேண்டும். டார்ச் லைட் அடித்து வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். அடிச்சட்டத்தின் பக்கவாட்டுக் கைகளில்தான் ஹெரால்டுக்குத் துரு அதிகம் பிடிக்கும். திருப்புளியால் குத்தினால் உள்ளே போகிறதா? போனால் வண்டியை விட்டுவிடலாம். கதவை மூடிப் பார்த்து, சுற்றியுள்ள இடைவெளி ஒரே அளவாக இருக்கிறதா என்றும் கவனிக்க வேண்டும். மேலே அகலம், கீழே குறுகல் என்றால் சட்டமே தொய்ந்திருக்கலாம்.

இதில் ஏன் இவ்வளவு கறார்? எஞ்சின் சாமான் இங்கிலாந்திலிருந்து வரும். நான்கு கதவு ஹெரால்டின் பின் கதவு எங்கிருந்தும் வராது. வண்டலூர் கம்பெனி கார் செய்வதை நிறுத்தி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. சென்னை புதுப்பேட்டையில் தேடலாம். அகப்பட்டால் அதிர்ஷ்டம்.

வட்டிப் பணம் வேண்டாம்

கையில் உள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்தால் கார் அப்படியே நின்றுவிடும். பாதியை விலைக்கு வைத்து, பாதியைச் செலவுக்கு ஒதுக்குவதுதான் புத்திசாலித்தனம். அந்தப் பாதியும் போதாமல் போகலாம். டயர், பாட்டரி, ரப்பர் சாமான், பெயின்ட் என்று வரிசையாக வரும்.

வட்டிக்கு வாங்கி இந்த வேலையில் இறங்கவே கூடாது. அக்காள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்திலும் கை வைக்கக் கூடாது. பையன் ஒரு வருஷம் வேலைக்குப் போய்ப் பாதிப் பணம் சேர்க்கட்டும். சேர்த்தால் ஆசை உண்மையான ஆசை. ஆறு மாதத்தில் மறந்துவிட்டால் அப்பாவுக்குப் பணம் மிச்சம்.

அம்மா சொல்கிற "அப்புறம் பார்க்கலாம்" என்பதை மட்டும் அப்படியே விட்டுவிடக் கூடாது. அவள் பயம் பணத்தைப் பற்றி மட்டும் அல்ல. பையன் படிப்பை விட்டுப் பட்டறையில் உட்கார்ந்துவிடுவானோ என்ற பயமும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கார் வேலை என்று முதலிலேயே பேசி வைத்துக்கொண்டால் வீட்டில் சண்டை பாதியாகக் குறையும்.

வீட்டுக்கு வந்ததும்

கார் வந்த அன்றே பையன் பெயின்ட் கடைக்கு ஓடுவான். விடக் கூடாது. பெயின்ட் கடைசி வேலை. முதல் வேலை பிரேக்.

அந்தக் காலத்துக் காரில் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் எண்ணெய் ஒரே வழியாகப் போகிறது. ஓர் இடத்தில் ஒழுகினால் நான்கும் போய்விடும். குழாய், ரப்பர், சிலிண்டர் எல்லாவற்றையும் புதிதாகப் போட வேண்டும். இந்த ஒரு வேலையைப் பையன் தனியாகச் செய்யக் கூடாது. அனுபவம் உள்ள மெக்கானிக் பக்கத்தில் நிற்க வேண்டும். முடிந்ததும் அவரே ஓட்டிப் பார்க்க வேண்டும். இருக்கைப் பட்டை இல்லாவிட்டால் அதையும் பொருத்திவிட வேண்டும்.

அடுத்தது பெட்ரோல் ரப்பர் குழாய். இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பரை அது கரைத்துவிடும். சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியது இல்லை. எத்தனால் தாங்கும் குழாய் என்று கேட்டு வாங்க வேண்டும்.

டயரில் பட்டன் இருக்கிறதே என்று பழைய டயரை நம்பக் கூடாது. பல வருஷம் நின்ற டயர் வெடித்துவிடும். ஹெரால்டுக்கு 13 அங்குலச் சக்கரம். அந்த அளவில் டயர் இன்றும் கிடைக்கிறது.

இன்னொன்று இருக்கிறது. ஹெரால்டை அறியாத மெக்கானிக்குகள் தவறு செய்கிற இடம் இது. முன் சக்கரத்தைத் தாங்குகிற தூண், அடியில் ஒரு வெண்கல மறைக்குள் திருகியபடி நிற்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அந்த மறைக்குள்தான் அது சுழலும். டிரன்னியன் என்று அதற்குப் பெயர். மற்றக் கார்களுக்குச் செய்வதுபோல இதிலும் கிரீஸ் அடித்துவிடுகிறார்கள். கிரீஸ் உள்ளே போகாமல் இறுகிவிடும். தண்ணீர் புகுந்து தூண் துருப்பிடிக்கும். ஒரு நாள் திருப்பத்தில் முறிந்து சக்கரம் சாய்ந்துவிடும். அங்கே கிரீஸ் அல்ல, 90 நம்பர் கியர் ஆயில்தான் விட வேண்டும். ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது, பழைய எண்ணெய் வெளியே பிதுங்கி வரும் வரை விட வேண்டும்.